லேபிளில் ‘உஷா அய்யர்’

நமது சமூக அமைப்புகள் வெளியிடும் ஆண்டு விழா மலர்களில் ‘கலைத்துறையில் நம்மவர்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வராமல் இருப்பது அபூர்வம். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. என்று ஆரம்பித்து, சினிமா, நாடகம், பத்திரிகை எல்லாம் சுற்றிவிட்டு முடியும். பல வருடங்களாக இம்மலர்களைப் படித்து வருகிறேன். ஒரு பெயரை மட்டும் அவற்றில் நான் பார்த்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் ஹெச்.எம்.வி. கம்பெனியின் சிறிய நாற்பத்தைந்து சுற்று இசைத்தட்டுகளில், ஆங்கிலப் பாட்டின் தலைப்புக்குக் கீழே, பளிச்சென்று அச்சாகியிருந்த பெயர் அது: உஷா அய்யர்.

இன்று எல்லோரும் உஷா உதுப் என்று அறிந்திருக்கும் அதே உஷாதான். பட்டுப்புடவை, பெரிய பொட்டு, ஆண்குரலோ என்று நினைக்க வைக்கும் கனத்த சாரீரம். பெயரைச் சொன்னால் ‘அவர் மலையாளியாச்சே’ என்பார் ஒருவர், ‘பெங்காலி’ என்று சாதிப்பார் இன்னொருவர். பொட்டில் வங்காள ‘க’ எழுத்தை வைத்துக்கொள்கிறவரைப் பெங்காலி என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் 1947ல் பம்பாயில், நம் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் வைத்தியநாத சோமேஸ்வர சாமி பம்பாய் போலீஸில் அதிகாரி. குடும்பம் இருந்தது பைகுல்லாவில்.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பம்பாயில் நம்மவர்கள் என்றால் மாடுங்கா, சயான், செம்பூர் என்றுதான் கணக்கு. மாடுங்காவில் வளர்ந்த எனக்கு, வீட்டை விட்டு இறங்கினால் ஆஸ்திக ஸமாஜம், மல்லிகைப்பூக் கடை, இரண்டு பக்கமும் தமிழ் பேச்சு. பைகுல்லா அப்படியல்ல. ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர், பார்சி, முஸ்லிம், யூதர் எல்லோரும் கலந்து வாழ்ந்த பேட்டை. சாமி வீட்டுக்குப் பக்கத்து வீடு ஒரு பதான் போலீஸ் அதிகாரியுடையது. அந்த வீட்டுப் பெண்தான் தனக்கு ஹிந்தி பேசவும் ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் நாட்டம் கொள்ளவும் தூண்டுதல் என்று உஷா சொல்லியிருக்கிறார். வீட்டு ரேடியோவில் கர்நாடக சங்கீதமும் கேட்கும், படே குலாம் அலி கானும் கேட்கும், மேல்நாட்டு சங்கீதமும் கேட்கும். பள்ளியிலோ, குரல் மற்றப் பெண்களோடு சேரவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் அந்தக் குரலுக்காகத்தான் டிக்கெட் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

உஷாவுக்கு முன்பே அக்காமார்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இந்திரா, உமா இருவரும் ஆங்கிலப் பாட்டு மேடைகளில் பெயர் வாங்கியவர்கள். சாமி சகோதரிகள் என்றால் அந்நாளைய பம்பாயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நம் வீட்டு ரேடியோவில் சூலமங்கலம் சகோதரிகள் பாடிக்கொண்டிருந்த காலத்தில், மூன்று மைல் தள்ளி இன்னொரு ஜோடி நம்மாத்துப் பெண்கள் மைக் முன்னால் நின்று அமெரிக்கப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள்! தங்கை உஷா ஒன்பது வயதில் சிலோன் ரேடியோவின் ஓவல்டின் நிகழ்ச்சியில் ‘மாக்கிங்பேர்ட் ஹில்’ பாடினார்.

சிலோன் ரேடியோவைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1952ல் மத்திய மந்திரி பி.வி. கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குத் தடை போடாத குறையாகக் கட்டுப்பாடு வைத்தார். சாஸ்திரீய சங்கீதம் வளரட்டும் என்பது அவர் எண்ணம். ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். 1957ல் விவித் பாரதி வந்து சர்க்கார் இறங்கி வந்தாலும் பழக்கம் போகவில்லை. ஹிந்திப் பாட்டுக்காகக் கொழும்பைப் பிடித்தவன், அப்படியே கொஞ்சம் நகர்த்தினால் ஆங்கிலப் பாட்டும் கிடைக்கும் என்று கண்டுபிடித்தான். நம் வீடுகளில் பி.யு.ஸி. படித்த பையன்கள், சந்தியாவந்தனம் முடித்த கையோடு, சிற்றலையின் இரைச்சலுக்கு நடுவே கிளிஃப் ரிச்சர்டின் பாட்டை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டது இப்படித்தான். வார்த்தை பாதி புரியாது; புரியாத இடத்தில் கோடு போட்டு வைப்பார்கள்.

கேட்ட பாட்டை வாங்கலாம் என்றால் அது அவ்வளவு சுலபமில்லை. 1957ல் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது முதல் வெளிநாட்டுச் சாமான்களின் இறக்குமதி நெறிக்கப்பட்டது. உரிமம் பெற்ற மேல்நாட்டுப் பாட்டுகளைக் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் அச்சடித்தது. 1908ல் சீல்டாவில் ஆரம்பித்து 1928ல் டம்டம்முக்கு மாறிய தொழிற்சாலை அது. அங்கே வந்தால் உண்டு, இல்லாவிட்டால் கப்பலில் வேலை பார்க்கும் யாராவது கொண்டுவந்தால் உண்டு.

டம்டம் பற்றி ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் எழுபத்தெட்டு சுற்று அரக்குத் தட்டுகள் 1960 வாக்கில் நின்றுபோய்விட்டன. நம் நாட்டிலோ மின்சாரமே வராத ஊர்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆகவே 1963க்குப் பிறகும் பீட்டில்ஸ் பாட்டுகள் டம்டம்மில் எழுபத்தெட்டு சுற்று தட்டாக வெளிவந்தன. தாத்தாவின் சுப்ரபாதம் ஓடிய அதே பெட்டியில், அதே எஃகு முள்ளில் பீட்டில்ஸ்! இன்று வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இந்தியாவின் இந்தத் தட்டுகளுக்காகத் தவம் கிடக்கிறார்கள்.

வெளிநாட்டுத் தட்டு கிடைக்காத இந்த இடைவெளியில்தான் உள்ளூர்ப் பாடகர்கள் நுழைந்தார்கள். உஷா அய்யரின் ‘ஸ்காட்ச் அண்ட் சோடா’, ‘ஜம்பலாயா’, ‘க்ரீன்பேக் டாலர்’ எல்லாம் அந்த ரகம். முதலாவதும் மூன்றாவதும் கிங்ஸ்டன் ட்ரியோ என்ற அமெரிக்கக் குழு பாடிப் பிரபலமானவை. ‘ஜம்பலாயா’ ஹாங்க் வில்லியம்ஸ் 1952ல் பாடியது. ஜம்பலாயா என்பது லூயிசியானா பக்கத்தில் அரிசியோடு மாமிசமும் மீனும் போட்டுக் கிளறும் பதார்த்தம். பாடுகிற பெண்ணின் பெயரில் அய்யர், தட்டின் பெயரில் ஸ்காட்ச், பாட்டின் பெயரில் மீன் சாதம். அந்நாளில் இதை வாங்கிக்கொண்டு கூட்டுக்குடும்ப வீட்டுக்குள் நுழைந்தவனின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பழைய தட்டுகளில் பித்துள்ள நாங்கள் ஏழெட்டுப் பேர், வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். போன் பண்ணினால் பேரன் பேத்தி க்ஷேமம் விசாரித்து முடித்ததும் தட்டுப் பேச்சுதான். நாக்பூரில் இருக்கும் மாமி ஒருவர் சொன்னது: அவருடைய பெரியப்பா பம்பாய்க்குப் போனபோது, 2016ல் மூடப்பட்ட அந்த ரிதம் ஹவுஸ் கடையில் ‘அய்யர்’ என்ற பெயரைப் பார்த்து, யாரோ புது வித்துவாம்சினி என்று எண்ணித் தட்டை வாங்கி வந்துவிட்டாராம். வீட்டில் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து முள்ளை வைத்தால், கிட்டார் சத்தம். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. “என்னடா இது, ஏதாவது கிருதியா இருக்கும்னு நெனச்சேனே!” என்று சொல்லிவிட்டு, முழுப் பாட்டும் ஓடும் வரை எழுந்திருக்கவில்லையாம். “தாளம் சுத்தமா இருக்கு” என்று கடைசியில் ஒரு வார்த்தை. அந்தத் தட்டு இன்னும் மாமியிடம் இருக்கிறது.

கல்கத்தா நண்பர் லேக் மார்க்கெட்காரர். 1969ல் பார்க் தெருவில் ட்ரிங்காஸ் ஹோட்டலில் உஷா பாட வந்தபோது, அப்பாவிடம் நூலகம் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்க் கேட்டவர். ஒரு குளிர்பானத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒப்பேற்றினாராம். கவுன் போட்ட பாடகியை எதிர்பார்த்துப் போனால், காஞ்சிபுரம் புடவையில் நம்மாத்து மன்னி மாதிரி ஒருவர் வந்து நிற்கிறார். இவருக்கு நாற்காலியின் நுனியில் ஒழுங்காக உட்காரத் தோன்றியதாம்.

புடவை விஷயம் கல்கத்தாவுக்கு முன்பே சென்னையில் தீர்மானமாகிவிட்டது. அதே 1969ல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற கிளப்பில்தான் அவர் முதன்முதலில் அப்படி மேடையேறினார். வீட்டில் உடுத்துவதையே அங்கேயும் உடுத்திக்கொண்டு போனார். விசேஷமான யோசனை எதுவும் இல்லை என்பது அவர் பேட்டிகளில் சொல்லும் பதில். கேட்க வந்தவர்கள் மறுநாள் தங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வந்தார்கள். சஃபையர் கட்டடம் இடிக்கப்பட்டுப் பல வருடமாகிவிட்டது. சென்னையிலிருந்து பம்பாய் ‘டாக் ஆஃப் தி டவுன்’, பிறகு ட்ரிங்காஸ், அதற்கப்புறம் டெல்லி ஓபராய் என்று போயிற்று பயணம்.

நம் பெரியவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? மாடுங்காவில் எங்கள் கட்டடத்தில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “அய்யர்னு பேர் போட்டுண்டு கிளப்ல பாடறதாவது” என்பது ஒரு கட்சி. “புடவை கட்டிண்டு பொட்டு வெச்சிண்டுன்னா பாடறா, உங்க பிள்ளை டெரிலின் பாண்ட் போட்டுண்டு சுத்தலையா” என்று இன்னொரு மாமி. அபிப்பிராயம் எதுவானாலும், ஆயிரம் பேரில் பத்துப் பேர்கூடப் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசவில்லை என்பதுதான் உண்மை. இன்றைக்கும் மலர்களில் அவர் பெயர் விடுபடுவதற்குக் காரணம் அந்த முதல் கட்சியின் மிச்சம் என்பது என் எண்ணம். எதிர்த்தவர்கள் போய்விட்டார்கள், விட்டுவிடும் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

“எல்லாம் காப்பிதானே, சொந்தமாக என்ன செய்தார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. தியாகராஜர் கிருதியைப் பாடுகிறவரைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. ‘ஸ்காட்ச் அண்ட் சோடா’வைக் கிங்ஸ்டன் ட்ரியோ பாடியதையும் உஷா பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அமெரிக்கர் பாட்டில் ஒரு சோம்பல் இருக்கும். உஷா ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, கீழ் ஸ்தாயியில் நிறுத்தி, நம் காதுக்குப் பழக்கமான நிதானத்தில் கொண்டுபோவார். எனக்கு உஷாவுடையதே பிடிக்கும். எங்கள் போன் கூட்டத்தில் இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் இருவர்.

சொந்தச் சரக்கும் உண்டு. அக்கா உமாவின் ‘பம்பாய் மேரி ஹை’ அப்படிப்பட்டது. மீனா காவா என்ற பார்சி இசையமைப்பாளரின் பாட்டு. பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆண்தான். உமா அப்போது உமா போச்சா என்ற பெயரில் பாடினார். வெளிநாட்டு ஊர்களையெல்லாம் கூப்பிட்டு, பம்பாயைப் பார்க்க வாருங்கள் என்று ஆங்கிலத்தில் அழைத்து, பல்லவியை ஹிந்தியில் முடிக்கும் குதூகலமான பாட்டு. அந்நாளைய பம்பாயில் கல்யாண பாண்டு வாத்தியக்காரர்கூட இதை வாசிப்பார். நம்மில் பலர் இதை உஷா பாடியதென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும், பெயர் உமாவுடையது. பார்சி மெட்டு, தமிழ்ப் பெண் குரல், பாதி ஆங்கிலம் பாதி ஹிந்தி. பைகுல்லாவில் வளராத ஒருவருக்கு இந்தப் பாட்டு இவ்வளவு சரளமாக வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. மாடுங்காவில் இருந்த நாங்கள் எவ்வளவு பத்திரமாக இருந்தோமோ, அவ்வளவு இழந்தும் இருக்கிறோம்.

இவர்கள் காலத்தில் வேறு சிலரும் தட்டு கொடுத்தார்கள். பெங்களூரில் ‘ட்ரோஜன்ஸ்’ குழுவில் பாடிய பித்து அப்பையா 1967ல் லண்டன் போனார். அதே வருடம் அவருடைய ‘டாட்டர் ஆஃப் லவ்’ அங்கே தட்டாக வந்தது. யாரும் சீந்தவில்லை. ஏழு வருடம் கழித்து, 1974ல் அவர் தயாரித்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ உலகையே ஆட்டிவைத்தது. பம்பாயின் ஆஷா புத்லி, ‘சர்ஃபர்ஸ்’ என்ற குழுவோடு ஒரு சிறிய தட்டு போட்டுவிட்டு அமெரிக்கா போய் ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மனோடு பாடினார். இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் சிம்லா சிகரெட்டுக்கு விளம்பரமாக நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டிகளிலிருந்து 1970லும் 1971லும் இரண்டு பெரிய தட்டுகள் வந்தன. அவற்றில் சென்னையின் ‘கன்ஃபியூஷன்ஸ்’ குழு பாடியதை இன்று ஐரோப்பாவில் தேடித் தேடிக் கேட்கிறார்கள். மயிலாப்பூரில் கேட்டால் ‘அது யார்?’ என்பார்கள். சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், ‘ஹியூமன் பாண்டேஜ்’ குழுவில் ராக் டிரம்ஸ் வாசித்தவர், பின்னர் தவில் கற்றுக்கொண்டு ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் அமர்ந்தார். சினிமா, கச்சேரி என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காததால் இவர்கள் எல்லோரும் நம் கணக்கிலிருந்து நழுவிப் போனார்கள்.

லேபிளில் ‘அய்யர்’ நீடித்தது சொற்ப காலம்தான். 1970ல் வந்த ‘பாம்பே டாக்கி’ படத்தில் சங்கர் ஜெய்கிஷன் இசையில் ‘ஹரி ஓம் தத்ஸத்’ பாடியது உஷா அய்யர்; 1971ல் ‘ஹரே ராம ஹரே கிருஷ்ணா’விலும் அதே பெயர். ட்ரிங்காஸில் அறிமுகமான கோட்டயத்து ஜானி சாக்கோ உதுப்பை மணந்தபின் உஷா உதுப் ஆனார். நைரோபியில் ‘மலைக்கா’ என்ற ஸ்வாஹிலிப் பாட்டை அதன் மூலப் பாடகர் ஃபதிலி வில்லியமோடு சேர்ந்து பாடினார். தமிழில் 1975ல் குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் அவர் குரல் ஒலித்தது. விபூதியும் வயலினுமாக இருந்த குன்னக்குடி ஆங்கிலப் பாட்டுக்கு உஷாவைக் கூப்பிட்டதில் எனக்குத் தனி சந்தோஷம். இளையராஜாவின் ‘அஞ்சலி’ 1990ல். பத்மஸ்ரீ 2011ல், பத்மபூஷண் 2024ல். பத்திரிகைகள் பத்மபூஷணைப் பற்றி எழுதியபோது சிறிய தட்டுகளைப் பற்றி ஒரு வரி போட்டவை குறைவு.

அந்தத் தட்டுகள்தான் இப்போது கவலை. பாட்டுகளில் சில கம்ப்யூட்டரில் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் கூட கிட்டார் வாசித்தவர் யார், டிரம்ஸ் யார் என்ற விவரம் இருந்தால் உறையின் பின்னட்டையில் மட்டுமே இருக்கும். வாசித்தவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். பலர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள். பல உறைகளில் வருடம்கூட அச்சிடவில்லை. பத்து வருடம் முன்பு வரை பம்பாய் சோர் பஜாரிலும் கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் உறையோடு கிடைக்கும். இப்போது உறையில்லாத மொட்டைத் தட்டுகள்தான். சென்னையில் மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தபோதே பாதி போய்விட்டது. மீதி இருப்பது நம் வீட்டுப் பரண்களில். வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளையோடு போகும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது இந்தப் பெட்டிதான். எனக்குத் தெரிந்து இந்த மூன்று வருடத்தில் செம்பூரில் மட்டும் நான்கு வீடுகள்.

ஆகவே இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்த ஊரிலிருந்தாலும், பரணை ஒருமுறை பாருங்கள். ஆங்கிலப் பாட்டுத் தட்டில் உஷா அய்யர், உமா போச்சா என்ற பெயர் தென்பட்டால், லேபிளின் இரண்டு பக்கத்தையும் உறையின் முன்பின் அட்டைகளையும் போட்டோ எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். தட்டை அனுப்ப வேண்டாம், தபாலில் உடையும். படுக்க வைத்து அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். தூசியை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்தால் போதும். எழுபத்தெட்டு சுற்று தட்டானால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். ‘பம்பாய் மேரி ஹை’யின் உறை யாரிடமாவது இருந்தால் பின்னட்டையை நன்றாக வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். நாக்பூர் மாமியின் பட்டியலில் அந்த ஒரு கட்டம்தான் இன்னும் காலியாக இருக்கிறது.